வெப்பம் வெளியேறும் பக்கம்

காலுறைகள் காய்ந்திருந்தன. வென்சான் அதை நம்பாமல் இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார். கீலுங் துறைமுக ஊரில் குளிர்மழை தொடங்கிவிட்டால் துவைத்த துணி காய்வதாவது! சுவரெல்லாம் பூஞ்சை படரும், அலமாரிக்குள் சட்டை நாறும், ஊரே அந்த ஈரவாடையோடு வேலைக்குப் போய் அதே வாடையோடு வீடு திரும்பும். ஆனால் காலையில் மனைவி சியூலான் முன்னறையில், மகனின் படம் வைத்த மேடைக்கு எதிரே கயிறு கட்டிப் போட்ட காலுறைகள், மதியத்துக்குள் மொறமொறவென்று ஆகியிருந்தன. கையில் எடுத்தால் இளஞ்சூடு வேறு.

"ஹீட்டர் போட்டியா?" என்று கேட்டார்.

"ஆமா, நீ வாங்கிக் குவிச்சு வெச்சிருக்க பாரு, ஹீட்டரு!" அடுப்பங்கரையிலிருந்து சியூலானின் குரல் வந்தது. "காஞ்சிருந்தா மடிச்சு வை, கிழவா. காயலைன்னாலும் புலம்பல், காஞ்சாலும் விசாரணையா?"

மகன் போன பிறகு அவள் அவரைக் கிழவா என்று கூப்பிட்டதே இல்லை. வென்சான் காலுறைகளை மடித்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

துறைமுகத்துக்குப் பின்சந்தில் அவருடைய கடை. கம்ப்யூட்டர் விளையாட்டுப் பித்துப் பிடித்த பையன்கள் பாகங்களைத் தனித்தனியாக வாங்கிக்கொண்டு அங்கே வருவார்கள். எது எதோடு ஒத்துப்போகும் என்று பார்த்துப் பூட்டித் தருவதுதான் அவர் பிழைப்பு. இந்த போர்டில் இந்த பிராசஸர் உட்காருமா, கிராஃபிக்ஸ் கார்டின் நீளம் பெட்டிக்குள் அடங்குமா, கூலர் உயரமாகிப் பக்கக் கதவை மூடவிடாமல் செய்யுமா, பவர் சப்ளை இத்தனையையும் தாங்குமா என்றெல்லாம் பார்த்து முடித்துக் கடைசியில் காற்றுக்கு வருவார். முன்பக்க விசிறிகள் குளிர்காற்றை உள்ளே இழுக்க வேண்டும்; பின்பக்க விசிறி சூட்டை வெளியே தள்ள வேண்டும். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பெட்டியின் பின்னால் பிடித்துப் பார்ப்பார். புகை தன் முகத்தைப் பார்த்து வந்தால்தான் அவருக்குத் திருப்தி.

"சூடு சாகாதுடா," என்பார் பையன்களிடம். "இடம்தான் மாறும். உள்ள இருக்கிறத வெளிய தள்ளிட்டா பொழச்ச."

வெளியே என்றால் எங்கே என்று அவர் யோசித்ததே இல்லை.

மகன் ஹானுக்கும் அவர்தான் பூட்டிக் கொடுத்தார். மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட அறை அவனுடையது. இணையத்தில் ஒரு குழுவோடு சேர்ந்து போட்டிகளில் ஆடுவான். தோற்றால் இரண்டு நாள் சோறு இறங்காது. அந்த அறையின் மின்கம்பி பழசு. கம்ப்யூட்டரையும் ஏ.சி.யையும் ஒன்றாகப் போட்டால் பட்டென்று மின்சாரம் போய்விடும். "ரெண்டுல ஒண்ண போட்டுக்கோடா, அடுத்த வாரம் ஆளக் கூட்டிட்டு வரேன்," என்று வென்சான் கோடையில் ஒருநாள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அன்று ஹானுக்கு முக்கியமான ஆட்டம். அவன் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டான். வெளிச்சத்தம் விழக்கூடாதென்று ஜன்னலையும் சாத்தினான்.

சாயங்காலம் கதவை உடைத்துத் திறந்தபோது அவன் நாற்காலியிலேயே இருந்தான். உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. தோல் அப்பளமாகக் காய்ந்திருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் பிராசஸரின் வெப்பநிலை பச்சை எழுத்தில் தெரிந்தது. அருமையாகக் குளிர்ந்திருந்தது அது. தன்னிடமிருந்த சூட்டையெல்லாம் பின்பக்கமாக அந்த அறைக்குள் தள்ளியே அது குளிர்ந்திருந்தது.

நூறாம் நாள் சடங்கில், செத்தவனுக்குப் போய்ச் சேரும்படி காகிதச் சாமான் எரிக்க வேண்டும். காகித வீடு, காகித உடுப்பு எல்லாம் செய்துதரும் காவ் என்பவர் காகிதக் கம்ப்யூட்டர் ஒன்றையும் கொண்டுவந்து காட்டினார். வெறும் பெட்டி. முன்னால் கலர் கலராக விளக்குகள் வரைந்திருந்தன.

"விசிறி எங்க?" என்றார் வென்சான்.

"எரிக்கிற சாமானுக்கு எதுக்குண்ணே விசிறி?"

"உள்ள என்ன இருக்கு?"

"காத்துதான்." காவ் சிரித்துவிட்டார். அப்புறம் வென்சானின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார். "மன்னிச்சிருங்கண்ணே. நீங்களே செஞ்சிருங்க. பசையும் காகிதமும் நான் தரேன், காசு வேணாம்."

வென்சான் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு மதிய வேளைகளில் உட்கார்ந்து செய்தார். அட்டையில் போர்டு, வெள்ளிக் காகிதத்தில் கூலர், பூணூல் கனத்துக்குத் திரித்த காகிதக் கம்பிகள். கார்டின் நீளத்தை அளந்தார்; கூலரின் உயரத்தை அளந்தார்; கதவை மூடித் திறந்து பார்த்தார். விசிறிகளை ஊதினால் சுழலும்படி ஊசியில் கோத்தார். பெரிய வாடிக்கையாளருக்குச் செய்யும் வேலையைக் காட்டிலும் கவனமாகச் செய்தார். மகனுக்கு இனிமேல் தன்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான் என்று நினைத்தபோதெல்லாம் பசையில் கண்ணீர் விழுந்தது.

முற்றத்து இரும்புப் பீப்பாயில் அதை எரித்தார்கள். "ஹான்! வந்து வாங்கிக்கோ!" என்று சியூலான் கத்தினாள். "அப்பா செஞ்சதுடா, வேற யாரும் எடுத்துட்டுப் போறதுக்குள்ள வா!"

வென்சான் நெருப்பிடம் குனிந்து சொன்னார்: "சூடு ஒரு துளிகூட உன் ரூம்ல நிக்காதுடா, கண்ணு. எல்லாத்தையும் வெளிய தள்ளிரும். நான் பாத்துப் பாத்துப் பூட்டிருக்கேன்."

பிறகு படத்தின் முன்னால், குறிகேட்கும் மரப் பிறைக்கட்டைகள் இரண்டைப் போட்டுக் கேட்டார்கள். ஒரு கட்டை தட்டைப் பக்கமும் மற்றது குவிந்த பக்கமும் மேலே தெரிய விழுந்தால் சரி என்று பொருள். இரண்டும் குவிந்து விழுந்தால் இல்லை. இரண்டும் தட்டையாக விழுந்தால் கேட்கப்பட்டவர் சிரிக்கிறார். வந்து சேர்ந்ததா என்று கேட்டார்கள். சரி. மறுபடியும் சரி. மூன்றாவதும் சரி. சியூலான் கட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அதற்குப் பிறகுதான் காலுறைகள் காய்ந்தன.

அடுத்து ஆரஞ்சுப் பழங்கள். படையலுக்கு வைத்த பழங்கள் மறுநாளே சுருங்கித் தோல் இறுகிக் கிடந்தன. மெழுகுவர்த்தி ஏற்றாமலேயே வளைந்து, அறையைப் பார்த்துத் தலை குனிந்திருந்தது. வெளியே ஓடுகளிலும் தகரங்களிலும் மழை ஒரே சீராக இறங்க, ஜன்னலோரமெல்லாம் ஈரம் கசிய, முன்னறையில் மட்டும் ஓர் உலர்ந்த கதகதப்பு நின்றது. வென்சான் அதற்குள் நுழையும்போதெல்லாம் சூடேறிய தூசியின் வாடை அடித்தது, அதற்குக் கீழே பிளாஸ்டிக் வாடை, இன்னும் கீழே, மூச்சை இழுத்துப் பிடித்தால் மட்டும், தலை குளிக்காமல் ஆட்டத்தில் கிடக்கும் ஹானின் உச்சந்தலை வாடை. அந்த வாடைக்காகவே அவர் மறுபடி மறுபடி அங்கே போனார்.

ஒருநாள் ஊதுபத்தி கொளுத்தி மேடையில் நட்டவர் அப்படியே நின்றுவிட்டார். புகை மேலே போகவில்லை. படத்திலிருந்து விலகி, படுக்கைவாட்டில் நீண்டு, நேராக அவர் முகத்துக்கு வந்தது.

புகைக்குப் பின்னால் மெல்லிய ர்ர்ர் என்ற ஒலி. குளிர்சாதனப் பெட்டியாக இருக்கும் என்று அதன் வயரைப் பிடுங்கிப் பார்த்தார். ஒலி நிற்கவில்லை. அது என்ன ஒலி என்று அவருக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்கக் கேட்ட ஒலி.

சியூலான் தன் நாற்காலியைப் படத்துக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அங்கேயே பீன்ஸ் நறுக்கினாள், அங்கேயே சாப்பிட்டாள். ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்தாள். கன்னம் சிவந்திருந்தது.

"உள்ள வந்து படு. உடம்பு கொதிக்குது உனக்கு."

"கொதிக்கட்டும். அவன் ஜில்லுன்னு இருக்கான்ல?" அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உனக்குத் தெரியலையா, கிழவா? அவன் சூடு எல்லாம் இங்க வருது. எம்மேல. அன்னைக்கு வந்திருக்க வேண்டியது இன்னைக்கு வருது. விடு."

வென்சானுக்கு, தான் முன்பக்கம் பின்பக்கம் பார்த்துப் பூட்டியது, வெளியே தள்ளு என்று சொல்லிக் கொடுத்தது, எல்லாம் நினைவுக்கு வந்தது. செத்தவனுக்கு வெளியே என்றால் இந்த வீடுதான். வேறு எங்கே?

அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறையில் போட்டார். ஈரத்துணி சுற்றினார். டாக்டரைக் கூப்பிடப் போனைத் தேடித் திரும்புவதற்குள் அவள் மறுபடி நாற்காலியில் இருந்தாள். துணி காய்ந்து தரையில் கிடந்தது. அன்று அவள் அசந்து தூங்கிய நேரத்தில் அவர் தனியாகப் பிறைக்கட்டைகளை எடுத்தார்.

"ஹான். அங்க உனக்குக் குளுகுளுன்னு இருக்காடா?"

சரி என்று விழுந்தது. அவருக்கு அழுகை பொங்கியது. அந்த ஒரு பதிலுக்காக எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பார்.

"அம்மாவால தாங்க முடியலடா. நிறுத்திரட்டுமா?"

இல்லை.

"அம்மா செத்துருவாடா. அப்பா சொல்றேன். நிறுத்திரட்டுமா?"

இல்லை.

மூன்றாம் முறை கேட்கவில்லை. கட்டைகள் கையைச் சுட்டன.

மறுநாள் மதியம் கடையில் உட்கார முடியாமல் எழுந்தார். படத்தை எடுத்துக் கோயிலில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அவள் அழுவாள். அழட்டும், உயிரோடு அழட்டும். மழையில் ஓட்டமும் நடையுமாக வந்தார். வழியெல்லாம் மகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

கதவுப் பிடி சுட்டது.

உள்ளே பகல் வெளிச்சம் மங்கலாக இருந்தது. மழைச் சத்தம் கேட்கவில்லை. ர்ர்ர் என்ற அந்த ஒலி மட்டும்.

சியூலான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. வாயும் திறந்திருந்தது.

"சியூலான்."

அவர் அருகே போனார். முகத்தில் வெப்பம் அடித்தது. படத்திலிருந்து அல்ல. படத்தின் முன்னால் நட்ட ஊதுபத்தியின் புகை அவளை நோக்கிப் போய், மூக்குக்குள் நுழைந்து மறைந்தது. வெப்பம் அவள் வாயிலிருந்து வந்தது. ஒரே சீராக. உலர்ந்து. நீளமாக.

மூச்சு விடுகிறாள். உயிரோடு இருக்கிறாள். அவர் அவள் மார்பைப் பார்த்தார். ஏறி இறங்கட்டும் என்று காத்திருந்தார்.

ஏறவில்லை. இறங்கவில்லை. காற்று மட்டும் வந்தது. நிற்காமல் வந்தது.

குனிந்து பார்த்தார். பற்களுக்குப் பின்னால், நாக்குக்கும் பின்னால், தொண்டையின் இருட்டில் எதுவோ சுற்றிக்கொண்டிருந்தது.

கத்தினாரா என்று அவருக்கே தெரியாது. உள்ளங்கையால் அவள் வாயை அழுத்தி மூடினார். தோல் பொசுங்கியது. விடவில்லை. ஒலி தடுமாறியது. கனத்தது. முனகியது. அவளுடைய இமைகள் ஒரு தடவை அசைந்தன. கண்ணோரத்தில் ஈரம். நெஞ்சு மேலே எழும்பியது. ஒரே ஒரு மூச்சு, உள்நோக்கி, மனுஷ மூச்சு.

"அப்படித்தான். இழு. இழுடி."

மேடையில் கண்ணாடி டிக் என்றது.

அவர் பார்த்தார். வெளியேற வழியில்லாத சூடு அங்கே திரும்ப, படத்தில் ஹான் சட்டைக் காலரில் தொடங்கிப் பழுப்பாகிக்கொண்டிருந்தான். கழுத்து. தாடை. கன்னத்தில் குமிழ்கள். மூடிய உதடுகளோடு எடுத்த படம் அது. உதடுகள் பிரிந்தன. ஹான் அவரைத்தான் பார்த்தான். சின்ன வயதில் ஊசி போடப் பிடித்துக்கொண்ட அப்பாவைப் பார்த்த அதே பார்வை.

கைக்குள் மனைவியின் இரண்டாவது மூச்சு எழும்பிக்கொண்டிருந்தது.

ஹானின் கண்களுக்குப் பழுப்பு ஏறியது.

வென்சான் கையை எடுத்துவிட்டார்.