மேருகிரி தந்த மூன்று நாள்

ஞாயிறு காலை பத்து மணிக்குள் மூன்றாவது சம்பளக் கடிதமும் பரணிதரனின் சுவர்த்திரைக்கு வந்துவிட்டது. உலகின் முதல் மூன்று மேலாண்மை ஆலோசனை நிறுவனங்கள். சோழிங்கநல்லூரின் முப்பத்தோராவது மாடியில், லுங்கியோடு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஒரு தனி சுகம் இருந்தது.

சட்டப்படி ஒவ்வொரு கடிதத்திலும் இரண்டு எண்கள். ஒன்று சம்பளம். மற்றது நாள்தேய்வு. அங்கே ஒரு வருடம் வேலை பார்த்தால் ஆயுளில் எத்தனை நாள் குறையும் என்ற கணக்கு.

அவன் இப்போது இருக்கும் ஹெல்ம்ராத்: இரண்டு கோடி, 43 நாள்.

ட்ரான்வெல்: இரண்டேகால் கோடி, 39 நாள்.

மேருகிரி: நாலு கோடி, 3 நாள்.

"சுகி! இங்க வாயேன்!"

அவன் மனைவி சுகிர்தா ஈரத் தலையோடு வந்தாள். லிஃப்ட் நிறுவனத்தில் பாதுகாப்பு இன்ஜினீயர். எண்களை நம்பமாட்டாள்; அவை எங்கிருந்து வந்தன என்று கேட்பாள்.

"மூணு நாளா? வேலை கம்மியா?"

"அதே வாரம் தொண்ணூறு மணி நேரம். அதே ஃப்ளைட், அதே ஸ்லைடு, அதே கிளையன்ட் திட்டு."

"அப்புறம் எப்படிடா மூணு?"

"சூழல் நல்லா இருக்கும். தோட்டம், தூங்குற அறை..."

"தோட்டத்தைப் பார்த்தா நாற்பது நாள் மிச்சமாகுமா? அந்த எண்ணை எப்படித்தான் கணக்குப் போடறாங்க?"

பரணி சிரித்தான். கிளையன்ட்டுக்கு விளக்கும் குரல் தானாக வந்தது.

"ஹெல்ம்ராத்தும் ட்ரான்வெல்லும் போட்டிருக்கறது கம்பெனி சராசரி. மேருகிரி மட்டும் இண்டர்வியூவுல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஆயுள்மானியில வச்சாங்க. இது எனக்கே எனக்கான எண். ஃபார்முலா ரொம்ப சிம்பிள். இந்த மாதிரி வேலையில, மிச்சமிருக்கிற ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு நாள் தேயும். நாற்பது வருஷம் பாக்கி இருந்தா நாற்பது நாள். மூணு வருஷம் பாக்கி இருந்தா..."

அவன் விரல் திரையிலிருந்த 3-ன் மேல் நின்றது.

சுகிர்தாவின் தலையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. அவனுக்கு வயது முப்பத்து மூன்று.

தன்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. கம்பெனியின் சராசரித் தேய்வு பத்து நாளுக்குக் கீழே இருந்தால்தான் அரசு ஒப்பந்தம் என்று சட்டம் வந்தபோது, ஒரு சிமென்ட் கம்பெனிக்கு அவனே எழுதிக் கொடுத்திருக்கிறான்: வேலையை மாற்றாதீர்கள், ஆளை மாற்றுங்கள், வயதானவர்களாகப் பார்த்து எடுங்கள். கைதட்டினார்கள். சீக்கிரம் சாகப்போகிறவனாக இருந்தால் போதும், வயது தேவையே இல்லை என்பதை மேருகிரி கண்டுபிடித்திருக்கிறது.

ஸ்பீக்கரில் போன் போட்டான். மேருகிரியின் ஆள்தேர்வு அதிகாரி ஷெரின் இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"கடிதம் பிடிச்சிருக்கா சார்?"

"எனக்கு என்ன வியாதி?"

"ஆயுள்மானி அதைச் சொல்லாது சார். அளவை மட்டும்தான் சொல்லும். பாக்கி எவ்வளவுங்கறதை நாங்க சொல்லவும் கூடாது. சட்டம்."

"வைத்தியம் இருக்குமா?"

"உங்க வயசுல மூணுன்னு வந்தா, பெரும்பாலும் இருக்கும் சார். போன வருஷம் ரெண்டு பேர் அவங்களாவே டாக்டரைப் பார்த்து ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. தேய்வு நாற்பதுக்குப் போயிடுச்சு."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க சார். எங்ககிட்ட இல்லை."

"மத்தவங்களுக்குத் தெரியுமா?"

"யாரும் கேட்கலை சார். எல்லாரும் மூணு கம்பெனி சம்பளத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. எங்களது அதிகமா இருக்கும். கையெழுத்துப் போட்டுடுவாங்க."

சுகிர்தா கார் சாவியை எடுத்துவிட்டாள். "போனை வை. சட்டையை மாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஒரு நிமிஷம், சுகி." பரணி திரையைப் பார்த்தான். நாலு கோடி. "ஷெரின், சேர்ந்தப்புறம் அடுத்த அளவு எப்ப எடுப்பீங்க?"

"ஜனவரியில சார். தேய்வு ஏறாம இருந்தா, இன்னொரு வருஷச் சம்பளம் ஊக்கத்தொகையா அன்னிக்கே வந்துடும்."

இது ஜூன். அவன் விரல்கள் மடங்கி நிமிர்ந்தன. ஏழு மாதச் சம்பளமும் ஊக்கத்தொகையும் சேர்த்து ஆறு கோடிக்கு மேல். ஹெல்ம்ராத்தில் மூன்று வருஷச் சம்பளம்.

"பரணி, நீ என்ன யோசிக்கிறேன்னு எனக்குத் தெரியுது. வேண்டாம்."

பரணி போனின் மைக்கை அணைத்தான். "ஏழே மாசம். ஜனவரியில காசை வாங்கிட்டு, மறுநாளே ஆபரேஷன்."

"உள்ள என்ன இருக்குன்னே தெரியாது! ஏழு மாசத்துல அது எங்கெங்க பரவும்?"

"முப்பத்தாறு மாசம் இருக்குடி. அதுல ஏழு. இருபது சதவீதம்கூட இல்லை."

சுகிர்தா அவனையே பார்த்தாள். "இதை யார்கிட்ட சொல்ற? போர்டு மீட்டிங்ல உட்கார்ந்திருக்கியா?"

அவன் கட்டைவிரலைத் திரைக்குக் கீழே கையெழுத்துக்காக இருந்த ஒப்பச்சில்லில் வைத்து அழுத்தினான். எறும்பு கடித்த மாதிரி ஒரு ஊசி. கையெழுத்தும் புது ரத்தமும் ஒன்றாகவே மேருகிரிக்குப் போயின. இண்டர்வியூ முடிந்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

திரை ஒரு தடவை இருண்டு வெளிச்சமானது. எண்கள் இரண்டும் மாறியிருந்தன.

"சார், வாழ்த்துகள்!" ஷெரினின் குரலில் நிஜமான சந்தோஷம். "தேய்வு ஒண்ணுக்கு இறங்கியிருக்கு. குறையக் குறையச் சம்பளம் ஏறும். நீங்க இப்ப மேல் படி. ஆறு கோடி!"

சுகிர்தாவின் கையிலிருந்து சாவி விழுந்த சத்தம் கேட்டது.

பரணி திரையை அண்ணாந்து பார்த்தான். அவன் கண் முதலில் போனது சம்பளத்துக்குத்தான்.