அலமாரிக்குப் பின்னால் மிச்சமான இடம்

வேன் வந்து வாசலில் நின்றபோது அக்கா கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். முதலில் தம்பி இறங்கினான். பின்னாலேயே தச்சர் இறங்கி, அட்டையில் சுற்றியிருந்த ரெடிமேட் புத்தக அலமாரிகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்தார்.

அலமாரிகள் போக வேண்டிய இடம் நடு அறையில் இருந்தது. ஒரு கட்டில் கொள்ளும் அளவுக்குச் சுவர் உள்வாங்கிய குழிவு. அம்மா கடைசி வருடங்களைக் கழித்தது அதற்குள்தான். மூன்று பக்கமும் சுவர் என்பதால் உருண்டு விழமாட்டாள் என்று அக்காதான் கட்டிலை அங்கே நகர்த்தியிருந்தாள். பார்வை போனபின், அம்மா விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் கூப்பிடுவாள். அக்கா ஓடிவந்து கையை நீட்டுவாள். அம்மா அந்த விரல்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீயா" என்பாள். அவ்வளவுதான். அடுத்த பேச்சு தம்பி எப்போது வருவான் என்பதாக இருக்கும்.

பீ மூத்திரம் அள்ளியவளுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது. எப்போதாவது வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு நிலைப்படியோடு திரும்பியவன்தான் அம்மாவுக்குத் தங்கம். ஒரே ஒரு தடவை, தன்னைத் தேடி அம்மா கூப்பிட்டுவிட மாட்டாளா என்று காத்திருந்தே அக்காவுக்குத் தலை நரைத்துப்போனது. கூப்பிடாமலே அம்மா போய்ச் சேர்ந்தாள்.

வீடு தம்பிக்கு. அக்காவுக்கு ஒரு விடுதியில் சமையலறை மேற்பார்வை வேலை கிடைத்திருந்தது. அலமாரி வேலை முடிகிறவரை இருந்து பார்த்துவிட்டு அவள் கிளம்பலாம் என்று தம்பி பெரிய மனது பண்ணிச் சொல்லியிருந்தான்.

பின்சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய அலமாரிகள் பாதி தூரம் போனதும் மாட்டிக்கொண்டன. தம்பி குழிவின் வாயை மட்டும் அளந்து வாங்கி வந்திருந்தான். உள்ளே போகப் போக அது குறுகிக்கொண்டே போனது.

"சுவரும் மனுஷங்க மாதிரிதான் சார்," என்றார் தச்சர். "முன்னால நின்னு பார்த்தா எல்லாம் நேராத்தான் தெரியும். உள்ள போனாத்தான் கோணல் தெரியும்."

திருப்பிக் கொடுத்து வேறு அளவில் வாங்கலாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். தம்பி கேட்கவில்லை. முன்பக்கம் சுவரோடு சமமாக நின்றால் போதும், பின்னால் காலியாகக் கிடந்தால் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்றான். அலமாரிகளுக்குப் பின்னால் ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கும் அளவுக்கு இடம் மிச்சமானது.

பக்கத்து இடுக்குகளை மூட மரச்சட்டம் வைத்தார் தச்சர். சட்டத்தைச் சுவரில் சாய்த்து, சுவரின் மேடுபள்ளத்தைப் பென்சிலால் அப்படியே மரத்தில் இழுத்து, கோட்டோடு அறுத்தார். ஊசி நுழையாது. அப்படி ஒரு கச்சிதம். கடைசிச் சட்டத்துக்கு அளவெடுக்க டேப்பை இடுக்குக்குள் விட்டவர், திரும்ப இழுத்தார்.

டேப் வரவில்லை.

மறுபடி இழுத்தார். உள்ளே யாரோ முனையைப் பிடித்து, இழுத்துப் பார்த்து, பிறகு விட்டதுபோல் அது சுருண்டு வந்தது. கூடவே தைல வாசனை. அதற்கடியில் நனைந்த துணியின் வீச்சம்.

தச்சர் மறுபடி டேப்பை உள்ளே விடவில்லை. கடைசிச் சட்டத்தைக் கண்ணளவில் அறுத்துத் திருகாணி போட்டார். போட்டு வைத்த டீயைத் தொடவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இதுக்குள்ள யாராவது இருந்தாங்களாக்கா?"

"எங்கம்மா இருந்தாங்க."

"எதுவரைக்கும்?"

"போன மாசம் வரைக்கும்."

அவர் திருப்புளியைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

பொழுது சாய்கிற நேரம் தம்பி புத்தகங்களை எடுத்துவரக் கிளம்பினான். வெளியே தூறல். அறையில் புது மரப்பூச்சின் நெடி. காலி அலமாரியின் தட்டுகள் ஒவ்வொன்றாக இருட்டில் கரைந்தன. அக்கா துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

தட்டும் சத்தம் கேட்டது.

மரத்தில் அல்ல. அதற்கும் பின்னால், சுவரில்.

விரல் முட்டியின் சத்தம்.

அக்காவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஆனால் பயத்துக்கு நடுவே வேறொன்று நெஞ்சில் முட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் தம்பி இல்லை. வேறு யாரும் இல்லை. அப்படியென்றால் கூப்பிடுவது அவளைத்தான்.

தச்சர் விட்டுப்போன திருப்புளியால் சட்டத்தைக் கழற்றினாள். திருகாணிகள் தரையில் உருண்டன. இடுக்கு திறந்தது. ஈரமான இருட்டு. உள்ளே மூச்சு இழுக்கும் சத்தம்.

முழங்கை வரை கையை உள்ளே விட்டாள்.

ஒன்றுமில்லை.

பிறகு, சில்லென்ற விரல்கள் அவள் நகத்தைத் தொட்டன. மெல்ல ஊர்ந்தன. புறங்கையில் விறகு சுட்ட தழும்பைத் தடவின. மணிக்கட்டுக்கு வந்து நின்றன.

"நான்தாம்மா," என்றாள் அக்கா.

விரல்கள் இன்னொரு தடவை தழும்புவரை போய்த் திரும்பின.

"நீயா."

விரல்கள் விலகிக்கொண்டன. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிற சரசரப்பு.

"அவன் எங்க?"

அக்கா கையை வெளியே எடுத்தாள். அழலாம் என்று பார்த்தாள், வரவில்லை. சட்டத்தைத் திரும்பப் பொருத்துமுன் இடுக்கில் வாயை வைத்துச் சொன்னாள்:

"நாளைலேருந்து அவன் இந்த ரூம்லதாம்மா படுப்பான்."

பிறகு திருகாணிகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக முறுக்கினாள். மறுநாள் தம்பி தன் கட்டிலை அலமாரியை ஒட்டிப் போட்டுக்கொண்டிருந்தபோது விடைபெற்றுக் கிளம்பினாள். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

விடுதியில் அவள் அரிசி அளந்துகொண்டிருந்த ஒரு காலையில் போன் வந்தது. தம்பிதான். யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் கிசுகிசுத்தான்.

"அக்கா, நேத்து ராத்திரிலேருந்து அம்மா என் கையைப் பிடிச்சிட்டிருக்கா. எப்படிக்கா விடுவிக்கிறது?"

அக்கா படியை அரிசிக்குள் வைத்தாள்.

"எனக்கு எப்படிடா தெரியும்? என் கையை அவ பிடிச்சதே இல்லையே."

மறுமுனையில் அவன் விசும்பினான். அந்த விசும்பலையும் மீறி, அவனுக்கு மிக அருகில், வாய்நிறைய யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. அது யாருடைய சிரிப்பு என்று விளங்க அக்காவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறந்ததிலிருந்து அவள் அதைக் கேட்டதே இல்லை.