முறுக்கிய இரண்டு கம்பிகள்

கை கழுவப் போன தாணுலிங்கத்தின் விரலைக் குழாய் சுரீரென்று இழுத்தது. எறும்பு கடித்த அளவுதான். ஆனால் இது கீழ்வீட்டுக் குழாய். காலையில் மகள் முத்துமாரி சொன்னது மாடிக் குழாயை.

"மேல குழாயத் தொட்டா சுர்ருங்குப்பா" என்றிருந்தாள். வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து பத்து நாள்தான் ஆகிறது. அவளுக்காகத்தான் மாடியில் குளியலறை, வெந்நீர் ஹீட்டர், அதற்கென்று தனி மின்பெட்டி எல்லாம். ஈரக் கையோடு தொட்டால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார் மனுஷன்.

முப்பது வருஷம் உப்பளத்து மோட்டார்களுக்கு வயரிங் பார்த்தவர். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பியை அளத்து மண்ணில் நட்டால் ஆறு மாதத்தில் துருவாகி உதிர்ந்துவிடும். அதனால் அங்கே யாரும் குழி தோண்டி மெனக்கெடுவதில்லை. எர்த்தையும், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரலையும் பெட்டிக்குள்ளேயே சேர்த்து முறுக்கிவிடுவார்கள். வீட்டு மாடியிலும் அதையே செய்துவைத்தார். மனைவி சங்கரம்மாள் குழி தோண்ட ஆள் கூப்பிடச் சொன்னபோது, எனக்கே பாடம் நடத்துகிறாயா என்று அவள் வாயை அடைத்தார். அவள் இப்போது கடைக்குப் போயிருந்தாள்.

வெளியே ஐப்பசி மழை. நாலு மணிக்கே வீடு இருட்டிக் கிடக்க, ஈரச் சுண்ணாம்பு வாசனையோடு ரப்பர் கருகும் நாற்றமும் மாடிப்படி வழியாக மெல்ல மெல்ல இறங்கி வந்தது. தலைக்கு மேல் பல்பு கண் கூசப் பொங்கியது, மஞ்சளாய்ச் சுருங்கியது, மறுபடி பொங்கியது.

பல்பு இப்படி ஆடினால் தெருக்கம்பத்தில் நியூட்ரல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். தெருவிலுள்ள அத்தனை வீட்டுக் கரண்டும் இனிப் போக்கிடம் தேடும். அவர் முறுக்கிய முடிச்சு வழியாக ஹீட்டருக்கு வரும். குழாய்க்கு வரும்.

மாடியில் தண்ணீர் விழும் சத்தம். அதனூடே வளைகாப்பு வளையல்கள். கை அசைந்து குலுங்குகிற சத்தமில்லை. நிற்காமல், ஒரே சீராக, தையல் மெஷின் ஓடுவதுபோல்.

"ஏளா முத்துமாரி."



மெயினை இறக்கினார். பல்பு அணைந்தது. வளையல் நிற்கவில்லை. பாவி மனுஷனுக்குத் தெரியாதா? அந்தப் பழைய மெயின் கரண்ட் வருகிற கம்பியை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரலைத் தொடவே தொடாது.

ஓடினார். படியில் முழங்கால் இடித்தது. பிளாஸ்டிக் ஸ்டூல். ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயர். மின்பெட்டி மூடியை நெம்பித் தள்ளினார். முடிச்சு வழுக்கியது. நல்ல இறுக்கமான முடிச்சு. அவர் கையால் போட்டதாயிற்றே. முருகா, என் பிள்ளையைக் கொடுத்துவிடு. வேறெதுவும் கேட்கமாட்டேன்.

வெட்டினார்.

வளையல் நின்றது.

குளியலறைக் கதவை உதைத்தார். இரண்டாவது உதையில் தாழ் பெயர்ந்தது.

முத்துமாரி சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் நேரே அவள் கண்களுக்குள் விழுந்தது. இமைக்கவில்லை. மூக்கருகே விரல் வைத்தார். இல்லை. நெஞ்சில் காதை அழுத்தினார். இல்லை.

"அப்பா வந்துட்டேம்ளா. எந்திரி."

ஈரப் பாவாடைக்குள் வயிறு அசைந்தது. உள்ளே பிள்ளை வலப் பக்கம் முட்டி எழும்பியது. அடங்கியது. இடப் பக்கம் முட்டியது. பிறகு இரண்டு பக்கமும்.