பத்து மணிக்குப் பார்த்தவர்கள்

'நான் பொய் சொல்லவில்லை. இந்தப் பூக்கள்தான் என்னைப் பொய்க்காரி ஆக்குகின்றன.'

சின்னவள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றாள். எதிரே செக்ரட்டரி மாமா குனிந்து, அவளுடைய பன்னிரண்டு தொட்டிகளையும் ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி மாலை ஆறரை.

"எங்கேம்மா பூ?"

"மூடியிருக்கு, மாமா."

"திங்கட்கிழமையும் மூடியிருந்துச்சு. போன வாரமும் மூடியிருந்துச்சு. இது பூக்கடையா, ஞாயித்துக்கிழமை பேங்க்கா?"

பக்கத்தில் நின்ற அண்ணன் சிரித்துவிட்டான். சின்னவள் முறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டான்.

செக்ரட்டரி மாமா கெட்டவர் அல்ல. எட்டு வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்தில் ஒரு பல்ப் எரியவில்லை என்றாலும் அவர்தான் ஓடி வருவார். ஓடி வந்து ஒரு நோட்டீஸும் ஒட்டுவார். இந்த வாரத்து நோட்டீஸ், கட்டடத்தின் பின்பக்கச் சுவர் ஓரத்தில் சைக்கிள் ஸ்டாண்ட் வரப்போவதைப் பற்றியது. அங்கேதான் தொட்டிகள் இருந்தன.

"ஞாயித்துக்கிழமை வெல்டர் வர்றார். அதுக்குள்ள எடுத்திடும்மா. புல்லுக்குப் போய் இவ்வளவு நல்ல இடமா?"

"புல் இல்ல, மாமா. பத்துமணிப் பூ. வெயில் ஏறினாத்தான் விரியும். சாயங்காலம் தூங்கிடும்."

"பத்து மணிக்கு நான் ஆபீஸ்ல இருப்பேனே!"

அதுதான் சிக்கல். அவர் மட்டுமல்ல, அம்மாவும் எட்டு மணிக்கே வேலைக்குப் போய்விடுவாள். கட்டடத்தில் பாதிப் பேர் அப்படித்தான். அண்ணனோ காலையிலேயே கிரிக்கெட்டுக்கு ஓடிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பத்து மணிக்கும் அடித்துப்போட்டாற்போல் தூங்குவார்கள். பூக்கள் விரிவதும் மூடுவதும் கோடை விடுமுறையில் வீட்டில் இருக்கும் சின்னவளுக்குத்தான் தெரியும்.

"ஃபோன்ல படம் எடுத்துக் காட்டறோம் மாமா," என்றான் அண்ணன்.

"ஃபோனா? போன வாரம் எனக்கு ஒருத்தர் பச்சை நிறத்துல நாய்க்குட்டி அனுப்பினார். நான் நம்பமாட்டேன்ப்பா."

அவர் போனதும் அண்ணன் யோசனை சொன்னான். "ஷோகேஸ்ல பிளாஸ்டிக் பூ இருக்கில்ல? நாலஞ்சைச் செருகி விடு. இருட்டற நேரத்துல யாருக்குத் தெரியப்போகுது?"

சின்னவள் குனிந்து, மூடியிருந்த ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஊமைக்கோட்டான்! வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன்."

அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு இந்த வழியாக யாருமே வருவதில்லையா என்ன? வருகிறார்கள். தண்ணீர் கேன் போடுகிறவர் வருகிறார். தபால்காரர் வருகிறார். கீழ் வீட்டு அக்கா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறாள். அவர்களைக் கூப்பிட்டுக் காட்டலாம்.

ஆனால் கூப்பிட வேண்டுமே! தெரியாதவர்களிடம் பேசுவது என்றாலே அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்றும் இருந்தது. அதை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பத்து மணிப் பூக்கள் இதுவரை அவளுக்கு மட்டும்தான் விரிந்தன. காட்டிவிட்டால் அப்படி இருக்காது.

இரவு படுக்கும்முன் ஒரு பழைய நோட்டை எடுத்துக் கோடு போட்டாள். மேலே எழுதினாள்: 'பத்து மணிக்குப் பூவைப் பார்த்தவர்கள். யார்? எத்தனை மணி? என்ன பார்த்தீர்கள்?' ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு முதலில் வந்தவர் தண்ணீர் கேன் அண்ணன்.

"அண்ணே..." என்றாள். குரல் வெளியே வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அண்ணே! பின்னாடி ஒரு நிமிஷம் வர்றீங்களா?"

"என்ன பாப்பா, பாம்பா?"

"இல்ல. பூ."

தோளில் கேனோடு வந்து பார்த்தவர் அதை இறக்கி வைக்க மறந்து நின்றார். சிவப்பு, மஞ்சள், ரோஸ், ஆரஞ்சு, வெள்ளை. சுவர் ஓரம் முழுக்க யாரோ வண்ணப் பொட்டுகளைக் கொட்டியதுபோல் இருந்தது. அவர் நோட்டில் எழுதினார்: 'தண்ணி கேன். 10.05. தோள் வலிக்கிறது. ஆனாலும் பார்த்தேன்.'

அதன்பிறகு கூப்பிடுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, அவ்வளவுதான்.

தபால்காரர் எழுதினார்: 'ஒன்பது வருடமாக இந்த வீட்டுக்கு வருகிறேன். வாசலோடு போய்விட்டேனே!'

கீழ் வீட்டு அக்கா எழுதினாள்: 'பாப்பாவும் பார்த்தாள். ஒன்றை வாயில் போடப் பார்த்தாள். காப்பாற்றிவிட்டேன்.'

மின்சார மீட்டர் படிக்க வந்தவர் ஒவ்வொரு தொட்டியாக நின்று விரல் நீட்டி எண்ணினார். 'சிவப்பு 17, மஞ்சள் 9, ரோஸ் 22, ஆரஞ்சு 6, வெள்ளை 4. மொத்தம் 58.' கீழே கையெழுத்தும் தேதியும் போட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை சின்னவள் நோட்டோடு இரண்டாவது மாடிக்குப் போனாள். செக்ரட்டரி மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். தோள் வலி வரியைப் படித்துச் சிரித்தார். பாப்பா வரிக்கு இன்னும் கொஞ்சம் சிரித்தார். மீட்டர்காரரின் கணக்கில் நின்றுவிட்டார்.

"ஐம்பத்தெட்டா?"

"ஆமா, மாமா."

"என் வீட்டு மீட்டர்ல ஒரு யூனிட்டைக்கூட விடாத ஆளாச்சே இவர்!" நோட்டை மூடினார். "சரி, நீ போம்மா."

அன்று இரவு அவளுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. 'சரி' என்றால் எது சரி?

சனிக்கிழமை காலை பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஆபீஸ் பையைத் தோளில் மாட்டியபடி செக்ரட்டரி மாமா பின்பக்கம் வந்து நின்றார்.

"ஆபீஸ்ல ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்டிருக்கேன். மேனேஜர் காரணம் கேட்டார். பூ பார்க்கணும்னு சொன்னேன். உடம்பு சரியில்லையான்னு கேட்டார்."

வெயில் சுவரைத் தாண்டி இறங்கியது. ஒரு சிவப்பு நெகிழ்ந்தது. இரண்டு மஞ்சள் விரிந்தன. பிறகு எது முதலில், எது அடுத்தது என்று சொல்ல முடியாதபடி எல்லாம் திறந்துகொண்டன. எங்கிருந்தோ தேனீக்கள் வந்தன.

செக்ரட்டரி மாமா உதடு அசைய எண்ணினார். நடுவில் தவறிப்போய், முதலிலிருந்து எண்ணினார்.

"அறுபத்தொண்ணு," என்றார். "மீட்டர்காரர்கிட்ட சொல்லிடு."

பிறகு அவர் வெல்டருக்கு ஃபோன் செய்தார். சைக்கிள் ஸ்டாண்டை ஜெனரேட்டர் பக்கம் மாற்றச் சொன்னார். சின்னவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனால் அவர் கிளம்பவில்லை. அவர் மூளையில் புது நோட்டீஸ் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு அழகை யாராவது பின்பக்கம் ஒளிச்சு வைப்பாங்களா? வாசல்ல, போர்ட்டிகோவுக்குக் கீழே வரிசையா வைப்போம். வர்றவங்க போறவங்க எல்லாரும் பார்க்கட்டும். உன் பேரைப் பெருசா எழுதி நானே ஒரு போர்டு மாட்டறேன். என்ன சொல்றே?"

அண்ணன் அவள் முழங்கையை இடித்தான். "சரின்னு சொல்லு! சொல்லு!"

பெரிய எழுத்தில் தன் பெயரை அவள் ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அந்த போர்ட்டிகோவையும் நினைத்துப் பார்த்தாள். நடுப்பகலிலும் அங்கே நிழல்தான்.

"வேணாம், மாமா," என்றாள் மெதுவாக. "அங்கே வெயில் வராது. பார்க்கணும்னு நினைக்கிறவங்க இங்கேயே வரட்டும்."