அறுந்த லைன்

அறுந்த லைன்ல இருந்து மெயில் வராது. வரவே முடியாது. இத்தனை வருஷம் இந்த வேலையில இருந்துட்டு இதுகூடவா எனக்குத் தெரியாது?

மவுஸின் மேல் கையை வைத்தபடி, எதையும் திறக்காமல், அவள் இதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே மழைக்கு இருட்டிய பிற்பகல். ஏசியின் ஈர வாடையோடு யாரோ மூட மறந்த சாப்பாட்டு டப்பாவின் புளித்த நெடி கலந்திருந்தது. சுற்றிலும் ஹெட்போன் மாட்டிய தலைகள் ஒரே வாக்கியத்தை வெவ்வேறு குரலில் முனகிக்கொண்டிருந்தன: "சிரமத்துக்கு மன்னிக்கணும் சார், சீக்கிரம் சரியாயிடும்."

காலையில் சாலை தோண்டியவர்கள் கேபிளை வெட்டிவிட்டார்கள். ஒரு பகுதி முழுக்க இணையம் இல்லை. அவள் வீட்டுத் தெருவும் அதில் அடக்கம். இணைய நிறுவனத்தில் அப்படிப்பட்ட நாளில் புகார்கள் கொட்டித் தீர்க்கும். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்திருந்தாள். லைன் போன பகுதியின் வாடிக்கையாளர் பெயரில் ஒரே மாதிரி மெயில் திரும்பத் திரும்ப வந்தால், யார் கண்ணிலும் படாமல் அது ஸ்பேம் பெட்டிக்குப் போய்விடும். மொத்தமாக அள்ளிக் கொட்டிவிடலாம். மேனேஜர் எல்லோர் முன்னாலும் கைதட்டினார்.

இன்று காலி செய்யப் போன பெட்டியில், அவளுடைய ஆபீஸ் முகவரிக்கு அவள் வீட்டுக் கேமரா அனுப்பிய மெயில்கள் கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரே வரி: 'அறையில் அசைவு தெரிகிறது.' கூடவே ஒவ்வொரு படம். எல்லாமே லைன் அறுந்த பிறகு வந்தவை.

கேமரா அம்மாவுக்காக வைத்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்குப் பேச்சில்லை, நடையில்லை. இடது கை மட்டும் கொஞ்சம் எழும்பும். பார்த்துக்கொண்ட பெண் வேலையை விட்டு நின்றுவிட்டதால் தினமும் இவள் கதவை வெளியே பூட்டிவிட்டு வருவாள். வேலைக்கு நடுவில் போனை எடுத்தால் அம்மா கட்டிலில் கிடந்தபடி கேமராவையே பார்த்துக்கொண்டிருப்பாள். யார் யாரைக் கண்காணிக்கிறார்கள் என்று இவளுக்கே சந்தேகம் வரும். அதனால்தான் காலையில் தன் தெருவிலும் லைன் போய்விட்டது என்று கேட்டதும் முதலில் வந்தது நிம்மதி. இன்னைக்கு ஒரு நாளாவது அந்தக் கண்ணைப் பார்க்க வேண்டாம்.

முதல் படத்தைத் திறந்தாள். கட்டிலில் அம்மா. நீலப்பூ போட்ட நைட்டி, காலையில் இவளே மாற்றிவிட்டது.

அடுத்தது. கட்டிலில் அம்மா. பின்னால் குளியலறைக் கதவு ஒரு கையகலம் திறந்திருந்தது. தாழ்ப்பாள் போட்டது நன்றாக நினைவிருந்தது.

அடுத்தது. கதவு முழுக்கத் திறந்திருந்தது. அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேபிள் வெட்டுப்பட்ட இடத்தில் வேலை செய்துகொண்டிருந்த லைன்மேனைப் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, நெட்டு இல்லாம வீட்ல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க வேண்டியிருக்குன்னு ஒரு பெரியவர் அழாத குறை. என்னை உயிரோட விடமாட்டாங்க போல."

"லைன் வந்துருச்சாப்பா?"

"எங்கேர்ந்து வரும்? அறுந்த முனை என் கையில இருக்கு. சேறு சொட்டுது."

"அங்கதான எங்க வீடு. ஜன்னல் வழியா எங்கம்மாவைக் கொஞ்சம் எட்டிப் பாரேன். கூப்பிடாதே, அவங்களால பேச முடியாது."

"இதோ போறேங்க்கா."

அவன் போவதற்குள் இன்னொரு மெயில் விழுந்தது. கட்டிலில் அம்மா. கட்டிலின் ஓரத்தில், கேமராவுக்கு முதுகு காட்டி, ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நீலப்பூ நைட்டி. அம்மாவின் அதே நரைத்த பின்னல்.

"என்னம்மா, குப்பைக்குள்ள மூக்கை விட்டுட்டு இருக்கே?" பின்னால் மேனேஜர். "'சேவை சீராகிவிட்டது'ன்னு எல்லாருக்கும் மெசேஜ் தட்டிவிடு. பாதிப் பேர் அவன் மோடத்துலதான் கோளாறுன்னு நம்பிக் கம்முனு கெடப்பான்."

"இன்னும் சரியாகலையே சார்."

"ஆகியிருந்தா மெசேஜ் எதுக்கு?" தன் சாமர்த்தியத்துக்குத் தானே சிரித்தபடி திரையை எட்டிப் பார்த்தார். "உங்கம்மாவா? அதான் கூட ஆள் இருக்காங்களே. வேலையைப் பாரு."

அவர் போய்விட்டார். அவருக்கும் தெரிகிறது. அவருக்கும்.

போன் அதிர்ந்தது.

"ஏங்க்கா, பேச்சு வராதுன்னீங்க?" லைன்மேனின் குரலில் சிரிப்பு. "ஜன்னல்ல திரை கெடக்கு, ஒண்ணும் தெரியல. ஆனா கதவுக்குப் பின்னாடியே நின்னு ஜோராப் பேசுறாங்க. கேளுங்க."

போனைக் கதவுப் பக்கம் நீட்டினான் போலிருக்கிறது. மழைச் சத்தம். பிறகு அம்மாவின் குரல். எத்தனையோ நாள் கேட்க ஏங்கிய குரல்.

"குட்டிமா, சாவி எங்கடா?"

நடுவில் மூச்சு விடவில்லை. ஏற்ற இறக்கம் மாறவில்லை.

"குட்டிமா, சாவி எங்கடா? குட்டிமா, சாவி எங்கடா?"

ஒரே வரி. திரும்பத் திரும்ப.

மெயில் விழுந்தது. கட்டிலில் அம்மா, வாய் கோணி, இடது கையைக் கேமராவை நோக்கித் தூக்கியிருந்தாள். அறைக்கு அப்பால் வாசல் கதவு. அதில் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு அது நின்றது.

"மாத்துச் சாவி வெளியேதான் எங்கயோ இருக்காமே, இப்ப அவங்களே சொல்றாங்க. சொல்லுங்கக்கா, திறந்துவிட்டுடறேன். பாவம், அழுறாங்க."

மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. அவன் தோளுயரத்தில். கையை நீட்டினால் போதும். திறந்தால் அது வெளியே வரும். முதலில் அவனிடம். திறக்காவிட்டால்... அம்மாவின் இடது கை. அந்த விரல்கள்.

"சாவி இல்லப்பா," என்றாள். "நீ கிளம்பு."

"அக்கா, பெத்த தாய்க்கா..."

அவன் சட்டென்று நிறுத்தினான். போனில் மழை மட்டும் கேட்டது.

"பேச்சு நின்னுடுச்சுக்கா."

மெயில். வாசல் கதவருகே யாருமில்லை. கட்டிலில், ஒரே தலையணையில், இரண்டு முகங்கள். இரண்டும் கேமராவைப் பார்த்தன. ஒன்றின் வாய் கோணியிருந்தது. மற்றது சிரித்தது. அம்மாவின் இடது கை போர்வைக்கு வெளியே தெரியவில்லை.

"உள்ள ஏதோ முனகுற மாதிரி இருக்குக்கா. கதவை உடைச்சுப் பாக்கட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் மெதுவாக.