கைக்குக் கனமான பெட்டி

காலையில் கம்ப்யூட்டர் மெக்கானிக் செருப்பை மாட்டும்போதே மகள் சொன்னாள். "அப்பா, சிபியு மேல கால் வச்சா யாரோ கிச்சுகிச்சு மூட்டுற மாதிரி இருக்குப்பா."

அவன் சிரித்தான். மேசைக்கடியில் பெட்டியை வைத்திருப்பது படிக்கவா, காலை நீட்டவா என்று கேட்டான். குளித்துவிட்டு ஈரக்காலோடு மிதித்தால் கூசாமல் என்ன செய்யும் என்று சமையலறையிலிருந்து மனைவியும் சேர்ந்துகொண்டாள். பன்னிரண்டு மணிக்கு மகளுக்கு ஆன்லைனில் பரீட்சை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடைக்கு வந்து சேர்வதற்குள் அவன் அந்தப் பேச்சை மறந்துவிட்டான்.

கடை வாசலில் போட்டோ ஸ்டூடியோக்காரரின் தம்பி காத்திருந்தார். காலடியில் ஒரு சாக்கு. ஸ்டூடியோக்காரர் கரண்ட் அடித்துச் செத்து மூன்று நாள் ஆகியிருந்தது. துக்கம் கேட்கப் போன மெக்கானிக், வாசலோடு திரும்பி வந்திருந்தான். அவர் உயிரை வாங்கிய கம்ப்யூட்டரைப் பாகம் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தவன் அவன்தான்.

"அண்ணன் கையை எடுக்க முடியல," என்றார் தம்பி. "மெயினை அணைச்சப்புறமும் முடியல. கட்டையால அடிச்சோம். எலும்பு உடைஞ்சுது. அப்பவும் விடல."

இது இனி எங்கள் வீட்டில் இருக்கக் கூடாது என்று சாக்கைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். துக்கத்தில் என்னென்னவோ உளறுகிறார், பாவம் என்று மெக்கானிக் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாக்கை உள்ளே இழுத்தான்.

அவிழ்த்ததும் கருகிய முடியின் வாடையும் அதற்கடியில் வேறொரு கொழுத்த வாடையும் எழுந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டன. பெட்டியின் பக்கத் தகட்டில் உள்ளங்கை அளவுக்குத் தோல் காய்ந்து ஒட்டியிருந்தது. ரேகைகூடத் தெரிந்தது. அவன் தலையைத் திருப்பிக்கொண்டு ஸ்க்ரூவைக் கழற்றத் தொடங்கினான். யாராவது கேட்டு வருவதற்குள் உள்ளேயிருந்து ஒன்றை எடுத்தாக வேண்டும்.

அவன் கெட்டிக்காரன்தான், அதில் குறையில்லை. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை, நல்லதாக இருந்தால் கனமாக இருக்கும். அதில் தடித்த செப்புச் சுருள், ஃபியூஸ், கரண்ட் தாறுமாறாக வந்தால் தானே அணைந்துகொள்ளும் ஏற்பாடு எல்லாம் உண்டு. மட்டமானதில் ஒரு மண்ணும் கிடையாது; ஃபியூஸ் இடத்தில் வெறும் கம்பி. அதனால் காலி டப்பாபோல் லேசாக இருக்கும். மெக்கானிக் அதற்குள் ஒரு சிமெண்ட் கட்டியை ஒட்டிவைத்து, மேலே பேர்போன கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டிவிடுவான். "தூக்கிப் பாருங்க சார்" என்பான். தூக்கிப் பார்த்தவர்கள் யாரும் திறந்து பார்த்ததில்லை. ஸ்டூடியோக்காரரும் தூக்கிப் பார்த்துத் தலையாட்டியவர்தான்.

கட்டி கையோடு வந்தது. ஈரமாக இருக்கும்போது அவன் அழுத்திய கட்டைவிரல் தடம் வழக்கம்போல் நடுவில் இருந்தது. அதைச் சுற்றி ஐந்து குழிகள்.

திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான்கு ஒரு பக்கம், ஒன்று எதிர்ப்பக்கம். விரல் முட்டிவரை இறங்கும் ஆழம். சுத்தியல் பட்டாலும் சில்லு தெறிக்காத கல்லை யாரோ ஒரு பெரிய கையால் பிசைந்து பிடித்திருந்தார்கள். அவன் அதைக் கீழே போட்டான்.

அப்போதுதான் மகள் சொன்னது நினைவுக்கு வந்தது.

இல்லை, மகளின் பெட்டியில் இருப்பது நல்ல பவர் சப்ளை. பெற்ற பிள்ளைக்குப் போய் மட்டமானதை வைப்பானா? ஒரே ஒரு அசலை வாங்கி அலமாரியின் வலது கோடியில் அவளுக்கென்றே வைத்திருந்தான். போன வாரம் எடுத்துப்போய் மாட்டியும் விட்டான். ஆனால் அதற்கு முன்பு கடைக்கு வெள்ளையடித்தார்கள். எல்லாப் பெட்டியையும் இறக்கி ஏற்றினார்கள். வலது கோடியில் இருந்ததை எடுத்து, தூக்கிப் பார்த்தான். கனமாக இருந்தது. அதுவே போதுமென்று விட்டுவிட்டான்.

அலமாரியில் மூன்று பாக்கி இருந்தன. முதலாவதைத் திறந்தான். கட்டி. இரண்டாவது. கட்டி. மூன்றாவதின் மூடியைக் கழற்றும்போது ஸ்க்ரூ டிரைவர் இரண்டு முறை வழுக்கி விரலைக் கிழித்தது. உள்ளே தடித்த செப்புச் சுருள். ஃபியூஸ். அசல்.

சுவரில் மணி பன்னிரண்டு ஐந்து. போனை எடுத்தான்.

"அப்பா, பரீட்சை நடக்குதுப்பா."

"காலை எடும்மா. பெட்டி மேலருந்து காலை எடு."

"எடுக்க முடியலப்பா," என்றாள் மகள். குரல் சின்னதாக இருந்தது. "இப்போ கூசல. யாரோ காலைப் புடிச்சிருக்காங்க."

பிறகு பல் தந்தியடிக்கும் ஓசை மட்டும். நாற்காலி தரையில் இழுபட்டது. மனைவி மகளின் பேரைச் சொல்லி ஓடி வருவது கேட்டது. பிறகு இரண்டு வாய்களின் பல்லோசை.

அவன் ஓடினான். முதல் தெருவில் ஒரு செருப்பு போனது. இரண்டாம் தெருவில் இன்னொன்று. கதவைத் தோளால் இடித்தான். மறுபடி இடித்தான். தாழ்ப்பாள் பிய்ந்தது.

அதே வாடை.

மகள் நாற்காலியில் விறைத்திருந்தாள். கடித்த நாக்கிலிருந்து ரத்தம் விசைப்பலகையில் சொட்டியது. மனைவி அவள் தோளைப் பிடித்தபடி உதறிக்கொண்டிருந்தாள். விரல்கள் கருத்திருந்தன. இருவரின் கண்ணும் அவனைத்தான் பார்த்தன.

சுவருக்குப் பாய்ந்தான். பிளக்கைப் பிடுங்கினான்.

வயர் கையோடு வந்தது. பிளக்கின் மூன்று முள்ளும் அவன் உள்ளங்கையில் இருந்தன.

பெட்டியின் விசிறி நிற்கவில்லை. அவர்களுடைய உதறல் நிற்கவில்லை. மேசைக்கடியில் மகளின் கணுக்காலில் ஒரு பக்கம் நான்கும் எதிர்ப்பக்கம் ஒன்றுமாக ஐந்து குழிகள் விழுந்து, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எலும்பு நொறுங்க நொறுங்க, ஈரச் சிமெண்டில் இறங்குவதுபோல் மெதுவாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தன.