நட்டுவிடம் சொல்லாத ஒன்று

"யாரு இதைப் பண்ணது?"

டாக்டரம்மாவின் குரல் இவ்வளவு உயர்ந்து அந்த கிளினிக்கில் யாரும் கேட்டதில்லை. சிரிஞ்சில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த கம்பவுண்டர் அக்காகூட திடுக்கிட்டுத் திரும்பினாள்.

மேஜை மேல் ஒரு நாய். பிறவியில் செம்பட்டை நிறமாக இருந்திருக்க வேண்டும். இப்போது கழுத்திலிருந்து வால் வரை கன்னங்கரேல் என்று எண்ணெய் வழிந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம், மழையில் தொப்பலாக நனைந்த காக்கிச் சட்டையோடு ஒருவன் நின்றிருந்தான்.

"நான்தான் டாக்டர். சொறிக்கு நல்லதுன்னு சொன்னாங்க. வண்டியில இருந்து வடிச்ச ஆயில்..."

"வண்டிக்கு ஊத்தறதை எல்லாம் நாய்க்கு ஊத்துவீங்களா? நக்கினா வயித்துக்குள்ள போகும், தோல் வழியா ஈரலுக்குப் போகும். கொஞ்சமாவது படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவன் கண்களைப் பார்த்தாள். பெரிய கண்கள். இமையிலிருந்து மழைத்துளி சொட்டியது. அதுவரை அந்தக் கண்களில் நாயைப் பற்றிய பயம் மட்டும்தான் இருந்தது. இப்போது இன்னொன்றும் வந்தது. அடி விழுந்த இடத்தைக் காட்டிக்கொள்ளாத ஒரு அமைதி.

"படிக்கலதான் டாக்டர்," என்றான். "அவனைக் காப்பாத்துங்க, போதும்."

தொட்டியில் நாயைக் குளிப்பாட்டியது பெரும்பாலும் அவன்தான். எண்ணெய்ப் பிசுக்கை எப்படி எடுப்பதென்று மெக்கானிக்கான அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பாத்திரம் தேய்க்கும் சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, காது மடிப்பு, விரல் இடுக்கு என்று ஒன்று விடாமல் தேய்த்தான். நாயின் கண்ணில் நுரை படாமல் தன் கையால் மறைத்துக்கொண்டான்.

அந்தக் கையைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாய் பேரு?" என்று கேட்டாள் அக்கா.

"நட்டு."

"போல்ட்டு எங்கப்பா?"

"இன்னும் கிடைக்கலக்கா," என்றான். டாக்டரம்மா சட்டென்று குனிந்து, ஏற்கெனவே கழுவிய காலை மறுபடி கழுவினாள்.

டாக்டரம்மாவுக்கு மனிதர்களிடம் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அப்பாவுக்கு அவளை மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டராக்க ஆசை. அந்த இடம் கிடைக்கவில்லை. 'ஒரு வருஷம் இங்கே இரு, அடுத்த வருஷம் மறுபடி முயற்சி பண்ணலாம்' என்று கால்நடை மருத்துவத்தில் சேர்த்துவிட்டார். அந்த வருஷம் முடிவதற்குள் ஒரு மாட்டுக் கொட்டகையில் அவளை மண்டிபோட வைத்தார்கள். தோள் வரை கையை உள்ளே விட்டு, குறுக்கே மாட்டிக்கொண்டிருந்த கன்றின் காலைத் தேடிப் பிடித்து இழுத்தாள். வெளியே வந்தது மூச்சுவிடவில்லை. வைக்கோலால் அதன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே, "வா கண்ணு... வந்துடு... நான் இருக்கேன்ல" என்று பேசினாள், பேசினாள், அப்படிப் பேசினாள். கன்று தும்மியது. சுற்றி நின்ற வகுப்பே வாயைப் பிளந்தது, கன்றுக்காக இல்லை... அவள் பேசியதற்காக!

மறுவருஷம் அவள் வேறெங்கும் முயற்சி செய்யவில்லை. அப்பா இன்னும் யாரிடமாவது அறிமுகப்படுத்தும்போது, "பொண்ணு டாக்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

வைத்தியம் பார்க்கும்போது அவளுக்கு ஒரு பழக்கம். வளர்ப்பவர்களிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மிருகத்திடமே சொல்லிவிடுவாள். 'என்னடா செல்லம், உன்னை மாடியிலயே கட்டிப் போட்டுடறாங்களா? வெயில்ல தண்ணி வைக்கறதில்லையா?' வளர்ப்பவர் தலையைச் சொறிவார். வேலை முடிந்துவிடும்.

அடுத்த வாரம் நட்டு ஊசிக்கு வந்தபோதும் அப்படித்தான் ஆரம்பித்தாள்.

"நட்டு... அன்னைக்கு நான் ஒரு வார்த்தை அதிகமா பேசிட்டேன். யார் மனசையும் நோகடிக்கணும்னு இல்ல."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு அவனும் குனிந்து நாயின் இன்னொரு காதில் சொன்னான்.

"நட்டு, பரவாயில்லன்னு டாக்டர்கிட்ட சொல்லுடா. ஆனா மறக்கறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்னும் சொல்லு."

இப்படித்தான் ஒவ்வொரு வாரமும் போனது. நட்டு நடுவில் நின்று வாலாட்டும். இரண்டு பேரும் அதன் இரண்டு காதுகளையும் தேய்த்துத் தேய்த்துப் பேசினார்கள்.

"நட்டு, உங்க ஒர்க்‌ஷாப்ல மழைக்கு ஒதுங்க இடமிருக்கா?"

"இருக்குன்னு சொல்லுடா. ரெண்டு பேர் உக்கார்ற மாதிரியே இருக்கு."

"நட்டு, யாரோ இன்னைக்கு சாப்பிடாம வந்திருக்காங்க போல. முகம் வாடிக் கிடக்கு."

"அதை டாக்டர் எப்படிடா கவனிச்சாங்க? அவங்க என்னைப் பாக்கறதே இல்லையே!"

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அந்த நாய்க்கு மட்டும் பேச வந்தா, ரெண்டு பேரையும் திட்டித் தீர்த்திருக்கும்," என்று முணுமுணுத்தபடி பஞ்சை மருந்துக் கிண்ணத்தில் போட்டாள்.

சொறி உதிர்ந்தது. செம்பட்டை முடி துளிர்த்தது. இனி ஊசி தேவையில்லை என்று எழுதிக் கொடுத்த அன்று அவள் கையெழுத்து கோணலாக விழுந்தது.

அதற்கடுத்த வாரம் அவன் மறுபடி வந்தான். துவைத்த சட்டை. படிய வாரிய தலை.

"ரெண்டு நாளா சரியா சாப்பிடல டாக்டர்."

அவள் சோதித்தாள். சூடு சரி. ஈறு ரோஜா நிறம். இதயம் கடிகாரம்போல. வயிறு, பாவம், காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டதால் மத்தளம்போல இருந்தது. நட்டு பொய் சொல்லத் தெரியாத முகத்தோடு அவளையே பார்த்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. காது மடல் சுட்டது. ஏதாவது சொல்ல வேண்டும்... எதையாவது...

"நட்டு, உனக்கு ஒண்ணுமில்ல. இனிமே சும்மா சும்மா இங்க வர வேணாம்."

ஐயோ! இதையா சொல்ல நினைத்தேன்?

அவன் இந்த முறை நாயின் காதில் எதுவும் சொல்லவில்லை. "சரிங்க டாக்டர்," என்று நேராகவே சொன்னான். வாசல் மணி ஆடி நின்ற பிறகும் அவள் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும்.

வீட்டில், அவள் துப்பட்டாவில் ஒட்டியிருந்த பூனை முடியை அப்பா ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். தினமும் செய்கிற வேலைதான். இன்று நடுவில் நிறுத்தினார்.

"செம்பட்டை முடி ஒண்ணையும் காணோமே இப்பல்லாம்?"

அவள் தலை நிமிரவில்லை.

"ஏம்மா... ஆடு, மாடு, கிளி எல்லாம் உன் மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சு வெச்சிருக்கு. நாங்க எல்லாம் என்ன பாவம் பண்ணினோம்?" அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "மனுஷங்களுக்கும் கொஞ்சம் சொல்லும்மா. நாங்களா கண்டுபிடிக்கறதுக்குள்ள வயசாயிடுது."

மறுநாள் சாயங்காலம் தூறல் ஆரம்பித்தபோது, அவள் தன் ஸ்கூட்டரை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு அந்த ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றாள்.

நட்டுதான் முதலில் பார்த்தது. பாய்ந்து வந்து அவள் செருப்பைக் கவ்வியது. அவன் ஒரு வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தான். கன்னத்தில் கறுப்புத் தீற்றல்.

"வண்டி... ஒரு மாதிரி சத்தம் வருது," என்றாள்.

அவன் சாவியை வாங்கினான். வண்டியைக் கிளப்பினான். நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியை என்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினான். தான் ஸ்டெதஸ்கோப் வைக்கும்போது இப்படித்தான் இருப்பேனோ?

பிளக்கைப் பார்த்தான். பிரேக்கைப் பார்த்தான். வண்டியை அணைத்துவிட்டு, துணியில் கையைத் துடைத்தான்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லையே டாக்டர்."

தகரக் கூரையில் மழை பலத்தது. அவள் வழக்கம்போல நட்டுவின் பக்கம் குனிந்தாள்.

"நட்டு..."

நட்டு வண்டிச் சக்கரத்தில் முதுகைச் சாய்த்து, சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லை. அவள் நிமிர்ந்தாள். அந்தப் பெரிய கண்களை நேராகப் பார்த்தாள்.

"தெரியும்," என்றாள். "அன்னைக்கு நட்டுக்கும் ஒண்ணுமில்ல. அதுவும் தெரியும். தெரிஞ்சும் வர வேணாம்னு சொன்னேன். எனக்கு... மனுஷங்ககிட்ட சரியா சொல்ல வராது. படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்னு உங்களைச் சொன்னேன். அவ்வளவு படிச்ச எனக்கு இந்த ஒண்ணைச் சொல்லத் தெரியல." அதோடு நிறுத்தவில்லை. "உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க வராத வாரம் எனக்கு வாரமாவே இல்ல."

அவன் வாயைத் திறந்தான். மூடினான். கையிலிருந்த துணி கீழே விழுந்தது. காது நுனி வரை சிவந்துபோய், மெல்ல மண்டிபோட்டு, தூங்கும் நாயின் காதருகே குனிந்தான்.

"நட்டு... டேய் நட்டு... எழுந்திருடா. டாக்டர் என்ன சொன்னாங்கன்னு நீயும் கேட்டியா?"

"அவனை எழுப்பாதீங்க," என்றாள் அவள், மருந்து வாசனை அடிக்கும் தன் கையை அவனுடைய கறுப்புக் கையில் வைத்து. "என்கிட்டயே சொல்லுங்க."

அவன் சொன்னான்.